பிலோமினாவின் பெயரருகே ஒரு சிவப்புப் புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

காலை பதினொன்றேகாலுக்குப் பார்சல் வந்தது. தூத்துக்குடியிலிருந்து பிலோமினா மச்சாது அனுப்பிய தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ். பூச்சிகளை அருகில் எடுப்பதற்கானது. ஃபோகஸைக் கையால் வளையம் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். வயது நாற்பதுக்குக் குறையாது.

இவ்வளவு ஒழுங்கான பார்சலை நான் பார்த்ததில்லை. வெளியே ஒரு பிஸ்கட் டின், மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் வெள்ளைத் துணியில் கையால் தைத்த சுருக்குப்பை. லென்ஸோடு ஒரு அட்டை, நீல மையில் எழுதியது: “1. முன்கண்ணாடியில் விளிம்போரம் துடைத்த கோடுகள் இரண்டு. படத்தில் தெரியாது. 2. வளையம் சற்று இறுக்கம். உட்புறம் சுத்தம். டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளவும்.”

குறைகளை எண் போட்டு முதலில் எழுதிவிட்டு, நிறையை ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிற ஆள். இந்த அம்மாளிடம் இப்போதுதான் முதல்முறையாக வாங்குகிறேன். ஏதோ ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று கேள்வி. பூஞ்சை பிடித்த லென்ஸ்களை வாங்கி, பிரித்துத் துடைத்து விற்கிறார்.

என் மனைவி வடிவு டின்னை எடுத்துக்கொண்டாள். “கடலமாவு போட்டு வைக்க ஆச்சு” என்றாள். பிறகு, “இந்த வருசம் இது நாலாவதுல்லா? முந்தி வந்த மூணும் எங்க?” என்றாள். தெரிந்துதான் கேட்கிறாள். மூன்றிலும் உள்ளே மூட்டம் இருந்தது. உள்ளதைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

பால், கரண்ட் பில், வடிவுக்கு முட்டிவலித் தைலம். சர்க்கரையை டப்பாவில் மாற்றும்போது கொஞ்சம் வெளியே கொட்டியது.

மூன்று மணிக்குப் பரிசோதனை. ஜன்னலைச் சாத்திவிட்டு, லென்ஸின் பின்பக்கம் டார்ச்சை வைத்து, முன்பக்கம் வலது கண்ணை ஒட்டி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தேன். மூட்டம் இருக்கிறது. கண்ணாடியில் வாயால் ஊதியது போல, நடுவிலிருந்து விளிம்புவரை.

துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். துணியை மாற்றிப் பார்த்தேன். டார்ச்சை மாற்றிப் பார்த்தேன். பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். மூட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அந்த அட்டையை எழுதிய கை பொய் சொல்லும் என்று நம்ப முடியவில்லை. கையெழுத்தை வைத்து ஒருவரை நம்புவதும் அறிவியல் ஆகாது.

ஜூன் 5, வியாழன்

காலை ஆறரைக்கு வேய்ந்தான்குளம். கரையில் தட்டான்கள் ஏராளம். ஒரு சிவப்புத் தட்டான் ஒரே கோரையின் நுனிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. இதற்குமேல் ஒரு பூச்சி எனக்கு ஒத்துழைக்க முடியாது. அறுபத்தொரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றிலும் கண் கூர்மையாக இல்லை. சிலவற்றில் வால் கூர்மையாக இருக்கிறது. சிலவற்றில் பின்னாலிருக்கும் கோரை.

ஒரு வருடமாக இப்படித்தான். லென்ஸ் சரியில்லை, அல்லது நான் சரியில்லை. எழுபத்தொரு வயதில் கை நடுங்குகிறதோ என்று முக்காலியும் வைத்துப் பார்த்தாயிற்று. இந்த லென்ஸும் உதவாவிட்டால் கேமராவையும் சேர்த்து விற்றுவிடலாம் என்று நினைத்தேன். வடிவிடம் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்றுதான் கடைசி நாள்.

எங்கள் ‘தென்மாவட்ட லென்ஸ் கைமாற்று’ வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வாங்கியவர் மூன்று நாள் சோதிக்கலாம். குறை இருந்தால் குழுவில் எழுதலாம். எழுதினால் விற்பனைப் பட்டியலில் விற்றவரின் பெயரருகே குழு நடத்துநர் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். புள்ளி இருப்பவரிடம் யாரும் வாங்குவதில்லை. அதை எடுக்க வேண்டுமானால், வைக்கக் காரணமாக இருந்தவரே தகுந்த காரணத்தோடு எழுத வேண்டும். ஐந்து வருடத்தில் நான்கு பேருக்குத்தான் புள்ளி வைத்திருக்கிறார்கள். முந்தைய மூன்று லென்ஸ் விஷயத்திலும் எழுத எனக்குத் துணிவில்லை.

வடிவு சொன்னாள்: “அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லுதிய?”

அவள் சொன்னதுதான் முறை. ஆனால் போனில் ஒருவரிடம் ‘உங்கள் பொருள் சரியில்லை’ என்று சொல்வதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. முப்பத்துநான்கு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். காப்பி அடித்த பையனைக்கூடப் பார்த்தும் பாராமல் அந்த வரிசையைக் கடந்து போயிருக்கிறேன். குழுவில் எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. நான்கு முறை திருத்தி, மாலை ஐந்து இருபதுக்கு அனுப்பினேன். “பிலோமினா மச்சாது அவர்களிடம் வாங்கிய 90 மி.மீ. லென்ஸின் உட்புறத்தில் சீரான மூட்டம் காணப்படுகிறது. அட்டையில் இது குறிப்பிடப்படவில்லை.”

அனுப்பிவிட்டு மாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஜூன் 7, சனி

புள்ளி வைத்துவிட்டார்கள். நடத்துநர், நாகர்கோவில் இஸ்மத் பாய், “பரிசோதனை சார் சொன்னால் மறுபேச்சில்லை” என்று எழுதியிருந்தார். குழுவில் எனக்கு அந்தப் பெயர். இருபத்தாறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். ஒருவர், துணிந்து எழுதியதற்கு நன்றி என்றார். என்னைத் துணிந்தவன் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. அதை மூன்று முறை படித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அந்த அம்மாள் எழுதியது இவ்வளவுதான்: “லென்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சாருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.” லென்ஸ் இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. பணம் அதற்குள் வந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

கொரியர் கடை விடுமுறை. வெயில்.

ஜூன் 10, செவ்வாய்

போன் வந்தது. புதிய எண். எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது. வடிவு எடுத்துப் பேசிவிட்டு என் காதில் வைத்தாள்.

“சார், பிலோமினா பேசுதேன். லென்ஸ கொரியர்ல போட வேண்டாம். ஞாயித்துக்கிழம நானே வந்து எடுத்துக்கிடுதேன்.”

“உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?”

“அலைச்சல் இல்ல சார். மூட்டம் எந்தக் கண்ணாடில இருக்குன்னு நீங்க காட்டணும். நாலு தடவ பாத்துட்டுத்தான் அனுப்புனேன். நான் விட்டுட்டேன்னா, எங்க விட்டேன்னு தெரியணும்லா?”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

அறைக்குள் நுழையும்போது கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டேன். இந்த மாதத்தில் மூன்றாவது முறை. “நில முப்பது வருசமா அங்கனயேதான் நிக்கி” என்றாள் வடிவு.

குழுவில் பார்த்தேன். பிலோமினாவிடம் முன்பதிவு செய்திருந்த இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஒருவர், “ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவர் லென்ஸைப் பிரித்தால் இப்படித்தான்” என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தார். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் சொல்ல என்ன இருக்கிறது? மூட்டம் இருந்தது உண்மைதானே.

ஜூன் 15, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியானவர். ஆட்டோவில் வரவில்லை, பஸ் நிறுத்தத்திலிருந்து குடை பிடித்து நடந்தே வந்தார். பையிலிருந்து முதலில் ஒரு மக்ரூன் பொட்டலத்தை எடுத்து வடிவிடம் கொடுத்தார். தன்மேல் புகார் எழுதியவன் வீட்டுக்கு இனிப்பு வாங்கி வருகிறவரை எங்கே உட்காரச் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

வடிவு ஐந்தே நிமிடத்தில் எல்லாம் கேட்டுவிட்டாள்.

“இத வித்து என்னம்மா செய்யப் போற?”

“வீட்டுக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கணும்க்கா. அந்துப்பூச்சிச் செதில் பாக்க.”

“ஆஸ்பத்திரிலதான் இருக்குமே?”

“அது ரத்தம் பாக்கக் குடுத்தது. அதுல பூச்சி பாத்தா தப்புல்லா?”

போனில் படங்களைக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கழிப்பறைச் சுவரில், குழல்விளக்குக்கு அடியில் வந்து ஒட்டும் அந்துப்பூச்சிகள். சாம்பல் நிறம் என்று நாம் சொல்லிவிடுவோம். அவர் படத்தில் அதற்குள் ஊதா, வெண்கலம், பச்சை. ஒவ்வொரு செதிலும் ஓடு வேய்ந்தது போல வரிசையாக. இதே தொண்ணூறு மில்லிமீட்டரில், அதாவது என் மேஜைமேல் இருக்கும் இதே லென்ஸில் எடுத்தவை. நான் படம் நன்றாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு ஜன்னலைச் சாத்தினோம். “எங்கன்னு காட்டுங்க சார்.”

வலது கண்ணை வைத்துப் பார்த்தேன். “நடுவுல. எல்லா இடத்துலயும்தான். ஊதிவிட்ட மாதிரி.”

அவர் வாங்கி, வலது கண்ணால் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தார். திரும்ப வலது. “எனக்குத் தெரியல சார்” என்றார். வாதம் செய்யவில்லை. பையிலிருந்து வேறொரு லென்ஸை எடுத்தார். “இதப் பாருங்க. போன மாசம் கடைல வாங்குன புதுசு.”

பார்த்தேன். “இதுலயும் இருக்கு.”

“புதுசுலயுமா?” என்றாள் வடிவு, கதவருகே நின்று.

பிலோமினா சற்று யோசித்தார். பிறகு பையைத் துழாவி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடி வைத்தது. பேப்பர் படிக்கிறவர்கள் வைத்திருப்பது.

“இது?”

டார்ச்சுக்கு நேரே பிடித்தேன். அதே மூட்டம். கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அது ஒற்றைக் கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடிக்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. அதை ஒளியியல் நடத்திய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“லேப்ல ரெண்டு கண்ணயும் மாத்தி மாத்திப் பாப்போம் சார். ஒண்ணு சோந்துபோவும்லா? இடது கண்ணால ஒருக்க பாருங்க” என்று அந்தப் பழைய லென்ஸையே மறுபடி நீட்டினார். தன் கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

எனக்கு வலது கண்ணை மட்டும் தனியாக மூட வராது. சின்ன வயதிலிருந்தே இடது ஒன்றுதான் மூடும். முயன்றேன். இரண்டும் சேர்ந்தே மூடிக்கொண்டன. வடிவு சிரித்துவிட்டாள். “கண்ணடிக்கக்கூடத் தெரியாதவுகளக் கட்டிக்கிட்டு நாப்பத்தாறு வருசம் ஓட்டிட்டேன்” என்று பிலோமினாவிடம் சொன்னாள். பிறகு அருகில் வந்து உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள். கையில் வெங்காய வாசம்.

இடது கண்ணால் பார்த்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பின் கண்ணாடி, அதற்குப் பின் கண்ணாடி, அத்தனையும் தெளிவு. ஓடைத் தண்ணீர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. நாற்பது வருடப் பழைய ஒரு பொருளை மனிதக் கை இப்படித் துடைத்து வைக்க முடியுமா என்றிருந்தது. முன்கண்ணாடியின் விளிம்போரம், முடியைவிட மெல்லியதாக, இரண்டு கோடுகள். அட்டையில் எழுதியிருந்த இரண்டு கோடுகள். இந்தப் பன்னிரண்டு நாளில் அவற்றை நான் பார்க்கவே இல்லை என்பதும், அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வடிவு கையை எடுத்தாள். மூட்டம் திரும்பி வந்தது.

பிலோமினா ஜன்னலைத் திறந்தார். “காப்பி நல்லாருந்துதுக்கா” என்றார். லென்ஸைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனேன்.

“குழுவில நான் எழுதணும்...” என்றேன்.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். புள்ளி எங்கயும் ஓடிறாது.”

ஜூன் 16, திங்கள்

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மக்ரூன் தீர்ந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

பழைய பக்கங்களைப் புரட்டினேன். பிப்ரவரி 11-இல் இப்படி எழுதியிருக்கிறேன்: “தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம். பனி.”

பாளையங்கோட்டையில் அப்படி என்ன பனி?

மார்ச்சில் இரண்டு இடங்களில், எதிரே வரும் வண்டிகள் விளக்கைக் கூட்டி வைப்பதாகக் குறை சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் ஸ்கூட்டரை ‘பெட்ரோல் சிக்கனத்துக்காக’ நிறுத்தியிருக்கிறேன். இது என் கையெழுத்துதான். எழுதியபோதே தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கவனமாக இருந்திருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. வடிவு கூட வந்தாள். வலது கண்ணில் புரை, நன்றாக முதிர்ந்துவிட்டது. இடது கண்ணில் இப்போதுதான் தொடக்கம். இளம் டாக்டரம்மா கேட்டார்: “ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்குமே, தெரியலையா சார்?”

தெரியவில்லை என்றேன். வடிவு என்னைப் பார்த்தாள்.

ஜூலை 9 அறுவைச் சிகிச்சை.

ஜூன் 24, செவ்வாய்

புள்ளி இன்னும் இருக்கிறது. ஒன்பது நாளாக என்ன செய்கிறேன் என்றால், வாக்கியம் தேடுகிறேன். குழுவில் என் சோதனைக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம் இஸ்மத் பாய் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வார். ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எழுத வேண்டும்.

இன்று மதியம் எழுதி அனுப்பியது: “மறுபரிசோதனையில் வேறு ஒளிச்சூழலில் மேற்படி லென்ஸ் திருப்திகரமாக உள்ளது. புள்ளியை நீக்கலாம்.”

வடிவிடம் படித்துக் காட்டினேன். “ஒளிச்சூழலா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிளகாய் காம்பு கிள்ளப் போய்விட்டாள்.

ஜூன் 25, புதன்

இஸ்மத் பாய் எழுதியிருக்கிறார்: “காரணம் போதாது சார். உங்கள் சோதனை வெளிச்சத்தைப் பொறுத்து மாறாதே.” அதற்குக் கீழே அன்று சிரித்த முகம் போட்டவர்: “ஞாயிறன்று அந்த அம்மா சார் வீட்டுக்கே போனதாகக் கேள்வி. வயசான மனுஷனை மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்களோ?” பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

மக்ரூன் வாங்கி வந்தவர். ஒரு வார்த்தை குரல் உயர்த்தாதவர். பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல் இருந்தவர். முன்பு நான் எழுதியதால் அவர் கவனக்குறைவானவர் ஆனார். இப்போது நான் எழுதியதால் மிரட்டுகிறவர் ஆகிவிட்டார்.

வடிவு சொன்னாள்: “அந்தப் பிள்ள பஸ் ஏறி வந்து முகத்துக்கு முன்னால நின்னுச்சு. உங்களுக்கு நாலு வரி எழுத முடியல.”

ஜூன் 26, வியாழன்

காலை ஆறு மணிக்கு அனுப்பியதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

“நண்பர்களுக்கு. ஜூன் 6 அன்று நான் எழுதிய புகார் தவறு. பிலோமினா மச்சாது அவர்களின் லென்ஸில் மூட்டம் இல்லை. மூட்டம் என் வலது கண்ணில் இருக்கிறது. அது புரை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று டாக்டர் சொல்கிறார். நான் எப்போதும் வலது கண்ணால் மட்டுமே சோதிப்பேன். டார்ச்சை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், துணியை மாற்றினேன், கண்ணை மாற்றவில்லை. அவர் அட்டையில் எழுதியிருந்த இரண்டு கோடுகளைக்கூட நான் பார்க்கவில்லை. அவர் என் வீட்டுக்கு வந்தது உண்மை. வந்து, கோபப்படாமல், இடது கண்ணால் பார்க்கச் சொன்னார். புள்ளியை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நேற்று முன்தினம் ‘ஒளிச்சூழல்’ என்று எழுதியது என் கோழைத்தனம். இந்த வருடம் மூட்டம் என்று சொல்லி நான் விற்ற மற்ற மூன்று லென்ஸ்களும் நல்லவையாகவே இருக்க வேண்டும். அவற்றை எனக்கு விற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஒருவருடைய பெயரை இப்படி எழுதும் முன் அவரிடம் பேசியிருக்க வேண்டும். குற்றாலலிங்கம், பாளையங்கோட்டை.”

அனுப்பிவிட்டு மாடிக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தேன்.

ஏழு மணிக்குக் கோவில்பட்டிக்காரர் ஒருவர் எழுதினார்: “சார், மார்ச்சில் உங்களிடம் ‘மூட்டம்’ லென்ஸ் வாங்கியவன் நான். கண்ணாடி மாதிரி இருந்தது. சொன்னால் திருப்பிக் கேட்பீர்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கும் ஒரு புள்ளி வையுங்கள்.”

எட்டே முக்காலுக்கு இஸ்மத் பாய் புள்ளியை எடுத்தார். பிலோமினா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. வடிவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: “அக்கா, ஆப்பரேசன் என்னைக்கு?”

ஜூன் 29, ஞாயிறு

பிலோமினா பட்டியலில் போட்டிருந்த வேறு மூன்று லென்ஸ்களும் விற்றுப்போயின. தொண்ணூறு மில்லிமீட்டரை மட்டும் பட்டியலில் போடவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

ஜூலை 9, புதன்

இவுக எழுதக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கு. அதனால நான் எழுதுதேன். ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. பயந்த மாதிரியே காட்டிக்கல, ஆனா என் சேலை முந்திய விடல. தேதி விடாம எழுதணுமாம். எழுதியாச்சு. வடிவு.

ஜூலை 14, திங்கள்

கொஞ்சமாக எழுத அனுமதி. வலது கண்ணால் பார்த்தால் சுவர் வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் வைக்கோல் நிறம். வேட்டியில் மஞ்சள் ஏறுகிறது என்று சோப்பை இரண்டு முறை மாற்றச் சொன்னேன். வடிவு பேசாமல் மாற்றியிருக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

போன் செய்தேன். நானே எண்களை அழுத்தினேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். முதல் வரி: அந்துப்பூச்சிப் படங்கள் மிக நன்றாக இருந்தன, அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லி முடித்ததும், மற்ற வரிகளுக்கு அவர் இடம் வைக்கவில்லை.

“அந்த லென்ஸ வேற யாருக்கும் குடுக்கல சார். உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சிருக்கேன். கண்ணு ஆறட்டும்னு இருந்தேன்.”

ஜூலை 28, திங்கள்

பார்சல். அதே போன்ற பிஸ்கட் டின். “இது ரவைக்கு” என்றாள் வடிவு. பஞ்சு, சுருக்குப்பை, அட்டை. அட்டையில் முதல் இரண்டு வரிகள் பழையவைதான். மூன்றாவது புதிது: “3. இன்னொன்று இருக்கிறது. முதலில் எனக்குத் தெரியாது, துடைக்கும்போது கண்டேன். துடைத்தால் போகாது, படத்தையும் கெடுக்காது. எங்கே என்று சார் பார்த்துச் சொல்லவும்.”

நாளை மறுநாள் டாக்டரிடம் போகிறேன். டார்ச் வெளிச்சம் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். அதுவரை பையைப் பிரிக்க மாட்டேன்.

ஜூலை 31, வியாழன்

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். இன்று காலை குளம், தட்டான் எதுவும் வேண்டாம் என்று வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்தினேன்.

வலது கண். இரண்டு கோடுகளும் உடனே தெரிந்தன. வளையத்தைத் திருப்பினேன், சற்று இறுக்கம்தான். மூன்றாவதைக் காணவில்லை. லென்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பத்து நிமிடம். கண் சரியாகவில்லையோ என்ற பழைய பயம் வந்துவிட்டது. மறுபடி எடுத்து, டார்ச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபோது, ஒரு பொட்டு மின்னியது. பின்னாலிருந்து இரண்டாவது கண்ணாடி. கண்ணாடி உருக்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. ஊசிமுனையில் பாதி இருக்கும். நான் கல்லூரியில் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் எங்கோ ஒரு உலையில் உண்டான குமிழி, இத்தனை கைகள் மாறி, யாரும் பார்க்காமல் அப்படியே இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டார் அந்த அம்மாள்.

போன் செய்தேன். தாளில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

“பின்னாலருந்து ரெண்டாவது கண்ணாடி. ஏழு மணி முள் நிக்கிற இடம். குமிழி.”

மறுமுனையில் ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வேலை நேரத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

“எனக்கு அத ரெண்டாந்தடவ கண்டுபிடிக்க நாலு நாளாச்சு சார்” என்றார்.

எனக்கு இருபத்தைந்து நிமிடம். சொல்லவில்லை.

“இன்னைக்கோட மூணு நாள். குழுவில எழுதிருங்க” என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

முறையென்றால் முழுதாக இருக்க வேண்டும். வடிவைக் கூப்பிட்டேன். “திரும்பவுமா?” என்று வந்து, வலது கண்ணைப் பொத்தினாள். இந்த முறை அவளாகவே மெதுவாக, கண்மேல் படாமல், கிண்ணம்போல் கையைக் குவித்துப் பொத்தினாள். இடது கண்ணால் கோடுகள் தெரிந்தன. குமிழி தெரியவில்லை. அடுத்து இந்தக் கண்ணையும் பார்க்க வேண்டும்.

குழுவில் எழுதியது:

“90 மி.மீ. லென்ஸ். விற்றவர் பிலோமினா மச்சாது. குறைகள் மூன்று. மூன்றையும் விற்றவரே சொல்லியிருந்தார். உட்புறம் சுத்தம். வலது கண்ணால் சோதிக்கப்பட்டது.”